முப்பதாவது சேனல்

மின்விசிறியை ஒரு எண் குறைத்து வைத்ததற்கு நன்றி ஐயா. இப்போது காகிதம் பறக்காமல் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. வந்த இடத்தில் இதையெல்லாம் சொல்கிறானே என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கண்ணில் பட்டதைச் சரி பண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. இதற்காகவே என் மனைவி என்னைச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கூட்டிப் போகத் தயங்குவாள். போன வீட்டில் கதவு கிறீச்சிட்டால் போதும், போன காரியத்தை மறந்துவிட்டு எண்ணெய் கேட்பேன்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். பதினான்கு பக்கம். சுற்றி வளைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், நல்ல உழைப்பு. ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி தப்பு. மூன்று நாளாக அந்த வரி என்னைச் சாப்பிட விடவில்லை. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன். வாயால் சொன்னால் போதாது, எழுதித் தாருங்கள் என்றீர்கள். சரி, எழுதுகிறேன்.

மருத்துவமனையில் நான் டெலிபோன் ஆள். இருபத்திரண்டு வருஷமாக. கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் எனக்கு ஓர் அறை. ஜன்னல் கிடையாது. ஆளுயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி நிற்கும், அதுதான் எங்கள் சொந்த எக்ஸ்சேஞ்ச். அதன் முன்னால் ஒரு கணினி, ஒரு நாற்காலி. பக்கத்து அறையின் சோப்பு வாசனை நாள் முழுக்க வீசும். வேறு வாசனைகளுக்கு அது எவ்வளவோ தேவலை.

டெலிபோன்காரனுக்கு ஒரு சங்கடம் உண்டு. போன் ஒழுங்காக வேலை செய்கிற வரைக்கும் அவன் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. டாக்டர் வந்தால் எழுந்து நிற்கிறார்கள். நர்ஸுக்கு வீட்டுக்குப் போகும்போது கை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ரிசீவரை எடுத்ததும் சத்தம் வந்ததே என்று யாராவது நன்றி சொல்லி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? குறையாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

இந்த உலகத்திலேயே எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் என் மாமனார். கல்யாணமான புதிதில் ஒருநாள் என் அறையைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். இரும்புப் பெட்டியில் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்ததைக் கைகட்டி நின்று பார்த்தார். "இவ்வளவு பேரு பேசுறதும் உங்க கை வழியாத்தான் போகுதா மாப்பிள்ளை?" என்றார். அன்றைக்கு ஒரு சுற்றுப் பெருத்திருப்பேன். அதன்பிறகு யார் வந்தாலும் "எனக்கு ரெண்டு பசங்க. பெரியவன் இவர், ஆஸ்பத்திரி போன் மொத்தமும் இவர் கைல" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். எனக்குச் சின்ன வயதிலேயே அப்பா கிடையாது. அதனால் அந்தப் 'பெரியவன்' எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது சேனல் விஷயம். அறிக்கையில் நீங்கள் கொஞ்சம் குழப்பியிருக்கிறீர்கள், அதனால் எளிமையாகச் சொல்கிறேன். எங்கள் மருத்துவமனைக்கு வெளியுலகத்தோடு இருப்பது ஒரே ஒரு ஐ.எஸ்.டி.என். இணைப்பு. அந்த ஒரு கம்பிக்குள் முப்பது சேனல். அதாவது ஒரே நேரத்தில் முப்பது பேர் பேசலாம். ஓர் அழைப்பு கிளம்பும்போது அதை எந்தச் சேனலில் ஏற்றுவது என்று என் பெட்டிக்கு யாராவது சொல்லிவைக்க வேண்டும். அந்த யாராவது நான்.

வெளியிலிருந்து வருகிற அழைப்புகளுக்குச் சேனல் ஒதுக்குவது போன் கம்பெனி. அவர்கள் ஒன்றிலிருந்து மேலே ஏறுவார்கள். அதனால் எங்களிடமிருந்து போகிற அழைப்புகளை நான் முப்பதிலிருந்து கீழே இறங்கச் சொல்லியிருந்தேன். முப்பது காலியா? அதில் போ. இல்லையா? இருபத்தொன்பது. இப்படிச் செய்தால் வருகிறவரும் போகிறவரும் ஒரே சேனலுக்கு மல்லுக்கட்டவே மாட்டார்கள். இதைத்தான் மேலிருந்து கீழே என்று சொல்வது. இந்த இணைப்பு வந்த நாளிலிருந்து ஒரு முட்டல் மோதல் கிடையாது.

என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, இரண்டு வருஷம் முன்னால் எங்கள் மருத்துவமனைக்கே வேலைக்கு வந்தான். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். என்னை அத்தான் அத்தான் என்று சுற்றிவருவான். கெட்டிக்காரன், முகம் சுளிக்காதவன். நர்ஸுகள் ஒரே மாதத்தில் அவனைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் பெரிய போன்காரர் ஆனேன். பட்டம் பெரிதாகும்போதே வேலை சிறுக்கிறது என்று அர்த்தம். அது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, மருத்துவமனையிலிருந்து வெளியே போன் போகவில்லை என்று புகார் வந்தது. உள்ளே வருகிற போன்கள் வருகின்றன. அறைக்கு அறை பேசுகிற இன்டர்காமும் பேசுகிறது. வெளியே போட்டால் மட்டும் ஆறு விநாடி நிசப்தம், பிறகு கட். நூற்றுக்குத் தொண்ணூறு அழைப்பு இப்படி. நான் கம்பி பார்த்தேன், பெட்டியை அணைத்து எழுப்பினேன், போன் கம்பெனியைத் திட்டினேன். இரண்டு நாள் தலைகீழாக நின்றும் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் மச்சினன் வந்து கணினி முன்னால் உட்கார்ந்தான். பத்து நிமிஷம்.

"அத்தான், முப்பது மட்டும்தான் செத்துருக்கு. மத்த இருபத்தொன்பதும் நல்லா இருக்கு."

"முப்பதுல ஒண்ணு போனா முப்பதுல ஒரு கால்தானடா கட்டாகணும்?"

"நாம மேலருந்து கீழ வச்சிருக்கோமே. முப்பதுல போற கால் ஆறே செகண்டுல செத்துடுது. உடனே முப்பது காலியாயிடுது. அடுத்த காலும் முப்பது காலியான்னுதான் முதல்ல பாக்கும். அதுவும் அதுலயே விழுது. நல்ல சேனல் எதுக்கும் போகவே மாட்டேங்குது."

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், முப்பது கவுன்ட்டர் இருக்கிற ஓர் அலுவலகம். வருகிறவர்கள் எல்லாரும் கடைசிக் கவுன்ட்டர் காலியா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கவுன்ட்டர்காரர் மட்டும் ஆள் வந்ததும் ஜன்னலைச் சாத்துகிற பேர்வழி. அவர் முன்னால் எப்போதும் கூட்டம் இருக்காது. அதனாலேயே எல்லாரும் அவரிடம்தான் போய் நிற்பார்கள். அழகான விஷயம். இத்தனை நாளாக எனக்குத் தெரியாமல் இருந்தது.

மச்சினன் எந்த அழைப்பும் ஏறாதபடி முப்பதை அடைத்தான். அதோடு நிற்காமல் மேலிருந்து கீழே என்பதை எடுத்துவிட்டு, சுழற்சி முறையில் போட்டான். ஒவ்வொரு அழைப்பும் அடுத்தடுத்த சேனலுக்கு முறை வைத்துப் போகும். ஒரு சேனல் கெட்டாலும் ஒருவருக்குத்தான் கட்டாகும், அவர் மறுபடி போட்டால் அடுத்த சேனலில் போய்விடும். நல்ல ஏற்பாடுதான், நான் மறுக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனார் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மனைவிதான் ஆரம்பித்தாள். "அப்பா, தம்பி பண்ணினது தெரியுமா? இவர் ரெண்டு நாளா முழிச்சிட்டிருந்தாரு, அவன் வந்து பத்தே நிமிஷத்துல..." மாமனார் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், என் அறையில், விளக்குகள் மினுக்கியபோது. "அப்ப ஆஸ்பத்திரி போன் மொத்தமும் இப்ப உன் கைலயாடா?" என்றார். மச்சினன் கூச்சப்பட்டு, "அத்தான் சொல்லிக்கொடுத்ததுதான்பா" என்றான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கர்வப்பட்டிருந்தால் நன்றாகத் திட்டியிருக்கலாம். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் மாதத்தில் மாமனாருக்கு நெஞ்சில் ஏதோ அழுத்துகிற மாதிரி இருந்தது. எங்கள் மருத்துவமனையிலேயே, இரண்டாம் மாடி இதய வார்டில் நாலு நாள் வைத்துப் பார்க்கலாம் என்று சேர்த்தோம். பெரிய டாக்டர் காலையில் தன் கிளினிக்கில் இருப்பார், வண்டியில் பத்து நிமிஷத் தூரம். தேவையென்றால் போன் போட்டுக் கூப்பிட வேண்டும். கைபேசி இன்னும் எல்லார் பையிலும் வந்து சேரவில்லையே. இருக்கிற இரண்டொன்றும் அந்தக் கட்டிடத்துக்குள் எடுக்காது.

பக்கத்துக் கட்டிலில் ஓர் ஓய்வுபெற்ற ஓட்டுநர் இருந்தார். புதன்கிழமை நான் வெந்நீர் பிளாஸ்க்கோடு வார்டுக்குள் நுழையும்போது மாமனார் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த ஆஸ்பத்திரி போன் மொத்தமும் என் பையன்தான் பாத்துக்கிறான். நாளைக்கு அவனுக்குப் பெரிய பதவி குடுக்கப் போறாங்க." என்னைப் பார்த்ததும், "இவர் என் மாப்பிள்ளை" என்றார். அவ்வளவுதான். 'பெரியவன்' இல்லை, போன் இல்லை. வெந்நீர் கொண்டுவருகிற மாப்பிள்ளை.

பதவி விஷயம் உண்மைதான். வியாழக்கிழமை பத்தரை மணிக்கு நிர்வாகி அம்மா வெளியாட்கள் சிலரை வைத்துக் கூட்டம் போட்டிருந்தார். அதில் தொலைபேசிப் பிரிவுக்கு மச்சினனைத் தலைவராக்கி, புது ஏற்பாட்டைப் பற்றி நாலு வார்த்தை சொல்வதாக இருந்தது. அன்று காலை ஒன்பது மணிக்குப் போன் கம்பெனி ஆளும் முப்பதாவது சேனலைச் சோதிக்க வந்தார்.

இங்கே கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். முப்பதைச் சோதிக்க வேண்டுமானால் முதலில் அதன் அடைப்பைத் திறக்க வேண்டும். அப்புறம் அழைப்பு நேராக அதில் போய் விழ வேண்டும் என்பதற்காக, சுழற்சியை எடுத்துவிட்டு மேலிருந்து கீழே என்று மாற்ற வேண்டும். மச்சினன் இரண்டையும் செய்தான். கம்பெனி ஆள் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், திங்கட்கிழமை புது சர்க்யூட் அட்டை கொண்டுவந்து மாட்டுவதாகச் சொல்லிப் போனார். மச்சினன் இரண்டையும் திரும்பப் பழையபடி வைத்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று பார்த்தேன். ஒழுங்காகத்தான் வைத்தான். உங்கள் அறிக்கை சொல்வது தப்பு, அவன் எதையும் மறக்கவில்லை.

பத்து மணிக்கு மூன்றாம் மாடிப் பல் மருத்துவப் பிரிவில் ஒரு போனை மாற்ற அவன் போனான். பத்து பத்துக்கு நான் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் கடவுச்சொல் அவன் அப்பா பிறந்த வருஷம். முப்பதைத் திறந்தேன். மேலிருந்து கீழே என்று மாற்றினேன். இரண்டு கட்டளை, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எங்கள் பெட்டி யார் மாற்றினார்கள் என்று மட்டும்தான் குறித்துவைக்கும். அதன் கடிகாரம் மின்சாரம் போகும்போதெல்லாம் பைத்தியம் பிடித்து ஓடுவதால் நேரத்தை யாரும் நம்புவதில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான். நிர்வாகி அம்மா கூட்டத்தில் பெருமையாகப் போனை எடுத்துக் காட்டுவார், ஆறு விநாடி நிசப்தம், கட். அவன் பதறி ஓடிவருவான். வார்டிலும் விஷயம் பரவும், மாமனாரும் கேள்விப்படுவார். பிறகு யாராவது, பெரிய போன்காரர் எங்கே என்று கேட்பார்கள். நான் இறங்கிப் போய் ஒரு நிமிஷத்தில் சரி பண்ணுவேன். அரை மணி நேரக் கூத்து. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அதே அறையிலிருந்து ஒரு நம்பரைப் போட்டேன். நிசப்தம், கட். மாமனார் முகத்தை நேரிலேயே பார்க்கலாம் என்று வார்டுக்குப் போய், அவர் கட்டிலுக்கும் ஓட்டுநர் கட்டிலுக்கும் நடுவில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "வாங்க மாப்பிள்ளை" என்று சிரித்தார். "கூட்டம் ஆரம்பிச்சிட்டாங்களா?"

கூட்டம் ஆரம்பிக்கவில்லை. வெளியாட்கள் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டதால் பன்னிரண்டுக்குத் தள்ளிவைத்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆக அந்தப் பக்கம் என் உழைப்பு முழுக்க வீண்.

பத்து இருபத்தைந்துக்கு மாமனாருக்கு வலி வந்தது. முகம் சாம்பல் பூத்துவிட்டது, சட்டை முழுக்க வேர்வை. இளம் டாக்டர் ஒருவர் ஓடிவந்தார், கையில் இருந்த ஊசிகளைப் போட்டார், "பெரிய டாக்டர உடனே வரச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார். நர்ஸ் மேஜைப் போனை எடுத்தார். நம்பரைப் போட்டார். கேட்டார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

நாலாவது தடவைக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்தார். "பெரிய போன்காரரே, லைன் போக மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

"இப்ப அதெல்லாம் தம்பி பொறுப்பு சிஸ்டர். கீழ கேளுங்க."

இன்டர்காமில் கீழே அடித்தார். அது அழகாக வேலை செய்தது. எங்கள் அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. அவன் மூன்றாம் மாடியில் இருக்கிறான் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வலியிலும் பிடி பலமாகத்தான் இருந்தது. "மாப்பிள்ளை... போன் என்ன ஆச்சு?"

"கொஞ்சம் பிரச்சினை மாமா."

"தம்பிக்குச் சொல்லுங்க. அவன் கை பட்டா சரியாயிடும்."

"சொல்லியாச்சு மாமா. வருவான்" என்றேன்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. இரண்டாம் மாடியிலிருந்து என் அறைக்கு நாற்பத்துநாலு படி. இறங்க இரண்டு நிமிஷம், கட்டளைக்கு ஒரு நிமிஷம். "நீங்க போய்ப் பாருங்க பெரியவனே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பறந்திருப்பேன். சத்தியமாகப் பறந்திருப்பேன். அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவை உதடு அசைந்தது. இரண்டு தடவையும் தம்பி பெயர்தான். அந்த விஷயத்தில் அவர் கொஞ்சம் பிடிவாதக்காரர்.

நர்ஸ் மொத்தம் இருபத்துமூன்று தடவை போட்டார். எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் ஆறு விநாடி. அழுதுகொண்டே போட்டார், பாவம், நல்ல பெண். அந்த நேரத்தில் வெளியிலிருந்து நாற்பத்தொரு அழைப்பு எங்களுக்கு வந்ததாக அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். வரும்தான், அது கம்பெனி ஒதுக்குவது. துணி வெளுக்கிறவர்கள் சோப்புக்காரருக்குப் போட்ட ஓர் அழைப்பு மட்டும் வெளியே போயிருக்கிறது, அதன் காரணம் புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் சுலபம். நர்ஸின் அழைப்பு முப்பதில் உட்கார்ந்திருந்த அந்த ஆறு விநாடிக்குள் அவர்கள் போட்டிருக்கிறார்கள். முப்பது காலியில்லை, அதனால் அவர்களுடையது இருபத்தொன்பதில் போய்ப் பிழைத்துக்கொண்டது.

இதை வைத்து யோசித்தால் உங்களுக்கே இன்னொன்றும் தெரியும். ஓட்டுநரின் கட்டில் தலைமாட்டில் ஒரு போன் இருந்தது, என் இடது கைக்கு எட்டுகிற தூரம். நான் இறங்கிப் போகத் தேவையே இல்லை. அதை எடுத்து ஏதாவது ஒரு வெளி நம்பரை, என் வீட்டு நம்பரையே, போட்டிருந்தால் என் அழைப்பு முப்பதில் உட்கார்ந்திருக்கும். அதே நேரம் நர்ஸ் போட்டது இருபத்தொன்பதில் ஏறி டாக்டரிடம் போயிருக்கும். அந்தக் கட்டிடத்தில் இது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் மூன்றாம் மாடியில் திருப்புளியோடு நின்றான். இன்னொருவர் கையை மாமனார் பிடித்திருந்தார். அது வலது கை.

பத்து ஐம்பதுக்கு வார்டு உதவியாளர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். பத்து ஐம்பத்தெட்டுக்கு மாமனாரின் பிடி விட்டுப்போனது. பதினொன்று பத்துக்குப் பெரிய டாக்டர் வந்தார். "ஒரு கால் மணி முன்னாடி சொல்லியிருக்கலாமே" என்றார். நான் அழுதேன் ஐயா. நடிப்பில்லை. அவரைப் போல எனக்கு இனி யார் இருக்கிறார்கள்?

மச்சினன் வந்து அப்பாவைப் பார்த்தான். பிறகு போன் போகவில்லை என்று யாரோ சொல்ல, கீழே ஓடினான். கணினியைப் பார்த்தான். முப்பது திறந்திருந்தது, மேலிருந்து கீழே என்று இருந்தது, மாற்றியது அவன் பெயரில் இருந்தது. ஒன்பது மணிச் சோதனையை முடித்தபோது திரும்ப வைக்க மறந்துவிட்டோம் என்று அங்கேயே முடிவு பண்ணிக்கொண்டான். நான் பின்னால் போய் நின்றபோது திரும்பி, "அத்தான், நான்தான் அப்பாவைக் கொன்னுட்டேன்" என்றான். அவன் தோளில் கை வைத்தேன். "மறதி யாருக்கும் வர்றதுதான்டா" என்றேன். அந்த வீட்டில் இப்போது பெரிய ஆள் நான்தானே, தேற்ற வேண்டியது என் கடமை.

எட்டு மாதமாக அவன் வேலைக்குப் போவதில்லை. வீட்டில் போன் அடித்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறான். என் மனைவி அவனோடு பேசுவதில்லை. "அவன் கொஞ்சம் கவனமா இருந்திருந்தா அப்பா இருப்பாருங்க" என்று என்னிடம் சொல்லி அழுவாள். "விடு, சின்னப் பையன்" என்று நான் அவனுக்காகத்தான் பேசுவேன். அவனுக்குச் சாப்பாடு எடுத்துப் போவதும் நான்தான். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "உங்க பேரக் கெடுத்துட்டேன் அத்தான்" என்பான். இப்படியே ஓட்டியிருப்பேன். எனக்கு அவன்மேல் இப்போது கோபம் எதுவும் இல்லை.

ஆனால் திங்கட்கிழமை உங்கள் அறிக்கை வந்தது. ஒன்பதாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. 'தொழில் பழகாத ஒருவரின் கவனக்குறைவால் சேனல் ஒதுக்கீட்டில் நேர்ந்த பிழை.' கீழே அவன் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டிருக்கிறான். அவன் என்ன செய்வான், அவனுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் நீங்கள் படித்தவர். வருகிற அழைப்பு தடைபடவில்லை, இன்டர்காம் தடைபடவில்லை, போகிற அழைப்பு மட்டும் ஒவ்வொன்றாக, குறிப்பிட்ட ஓர் இடத்தில் போய் விழுந்திருக்கிறது. இதைப் பார்த்து யாராவது பிழை என்பார்களா? மறதி இவ்வளவு ஒழுங்காக இருக்குமா?

அதனால் கேட்டுக்கொள்வது இதுதான். அவன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். கவனக்குறைவு, பிழை என்ற இரண்டு சொற்களையும் அடித்துவிடுங்கள். தண்டனை என்ன தருவீர்களோ தாருங்கள், அதில் நான் தலையிடவில்லை. இருபத்துமூன்று அழைப்பில் ஒன்றுகூடத் தப்பவில்லை ஐயா. மாமா மட்டும் இன்றைக்கு இருந்திருந்தால், இது பெரியவன் கைவேலை என்று பார்த்தவுடனே சொல்லியிருப்பார்.